பீட் வயலுக்கு அடியில் கிடைத்த எரிவாயு

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் நிகழ்த்திய உரை)



நெதர்லாந்து நாட்டின் வடகோடியில் குரோனிங்கன் என்றொரு மாகாணம் இருக்கிறது. களிமண் பூமி. கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலம். கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து வெள்ளாமை செய்கிறார்கள். அங்கே ஸ்லாக்டரன் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1959-ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் வயலில் துளை போட்டார்கள். வயலில் சர்க்கரை பீட் பயிர். நம் பீட்ரூட்டின் இனம்தான். நமக்குக் கரும்பு மாதிரி அவர்களுக்கு அது சர்க்கரை ஆலைக்குப் போகும். அந்த வயலுக்கு அடியில் இருந்தது ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. மொத்தம் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் கோடி கன மீட்டர் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தளும்பிக்கிட்டு இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியொன்றும் இல்லை. எண்ணெயும் வாயுவும் பாறைக்குள்ளேதான் இருக்கும். ஒரு படி ஆற்று மணலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணல் மேலே வழியாது, தண்ணீர் மட்டும் உள்ளே போய்விடும். மணலுக்கு மணல் நடுவே அவ்வளவு இடுக்கு. அந்த மணலே காலப்போக்கில் இறுகிப் பாறையானாலும் இடுக்குகள் ஓரளவு மிஞ்சும். அந்த இடுக்கில்தான் சரக்கு.

இதற்கு மூன்று சேர்மானம் வேண்டும். முதலாவது, வாயுவைப் பிறப்பிக்கிற பாறை. குரோனிங்கனில் அது நிலக்கரிப் படிவம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் மட்கிப் புதைந்து, மேலே மண் ஏற ஏற ஆழத்துக்குப் போய், பூமியின் சூட்டில் வெந்து வாயுவைக் கக்கின. கரிமூட்டத்தில் புகை கிளம்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் செத்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு புதைந்து வெந்தால் பெரும்பாலும் எண்ணெய் கிடைக்கும். அரபு நாட்டு எண்ணெய் அந்த வகை. இரண்டாவது, வாயு தங்குவதற்கு இடுக்குள்ள பாறை. குரோனிங்கனில் அது சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மணற்பாறை. மூன்றாவது, மூடி. மூடி இல்லாவிட்டால் வாயு மெல்ல மெல்ல மேலேறிக் காற்றோடு போய்விடும். அங்கே மூடியாக அமைந்தது பழங்காலக் கடல் வற்றி உண்டான கல்லுப்புப் படிவம். குதிரின் வாயைக் களிமண் பூசி அடைப்போமே, அந்த மாதிரி உப்பு அடைத்துக்கொண்டது.

இந்த மூன்றும் அமைந்த இடத்தை மேலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பானையைத் தட்டிப் பார்த்து ஓசையை வைத்து வாங்குகிறோம் அல்லவா? அதே வித்தைதான். சிறு வெடி வைத்தோ, கனத்த லாரியால் தரையை அதிர வைத்தோ அதிர்வை உள்ளே அனுப்புவார்கள். ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டு எதிரொலி திரும்பும். வரிசையாகத் தரையில் செருகிய கருவிகள் அதைப் பதிவு செய்யும். அதை வைத்து எந்த அடுக்கு எங்கே மேடு கட்டியிருக்கிறது என்று படம் போடலாம். ஆனாலும் படம் படம்தான். உள்ளே வாயுவா, உப்புத் தண்ணீரா என்பது துளை போட்டால்தான் நிச்சயமாகும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடவு வயலில் சேற்றை மிதித்தால் குமிழி கிளம்பும், பார்த்திருப்பீங்க. அதிலும் பெரும்பங்கு மீத்தேன் வாயுதான். போர்க் கிணற்றில் குமிழி வந்தால் அடியில் பெரிய வாயு வயல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தாழை, புல் மட்கினாலும் வரும். பற்றவைத்துப் பார்க்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம்.

குரோனிங்கன் வாயு வந்த பிறகு அந்த நாட்டு அடுப்பெல்லாம் மாறிப்போயிற்று. அரசுக்கு மொத்தம் சுமார் 36,300 கோடி யூரோ வருமானம் என்று நாடாளுமன்ற விசாரணைக் குழு 2023-இல் கணக்குச் சொன்னது. அந்த நாட்டுச் சட்டப்படி ஆழத்தில் உள்ள கனிமம் அரசுடையது. நிலத்துக்காரருக்கு மேல்மண் மட்டுமே.

பிறகு பூமி இறங்க ஆரம்பித்தது. வண்டி டியூபில் காற்று இறங்கினால் வண்டி தாழ்கிறது அல்லவா? வாயுவின் அழுத்தம் குறையக் குறைய, மேலே இருக்கும் 3 கிலோமீட்டர் பாறையின் பாரத்தில் மணற்பாறை நசுங்கியது. வயலின் நடுப்பகுதியில் தரை 30 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஓரடி, தாழ்ந்தது. தாழ்ந்த பூமிக்கு ஓரடி என்பது சின்ன விஷயமா? வடிகால் மட்டத்தையே மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. பாறையில் ஏற்கெனவே இருந்த பிளவுகளும் நழுவி நிலநடுக்கம் வந்தது. 2012 ஆகஸ்டில் ஹவுசிங்க என்ற ஊரில் 3.6 அளவுக்கு அதிர்ந்தது. அளவு சிறிதுதான். ஆனால் ஆழம் குறைவு, மேலே இளகிய களிமண், வீடுகளோ பழைய செங்கல் கட்டடம். பல்லாயிரம் வீடுகளும் தொழுவங்களும் விரிசல் விட்டன.

என் மனசை உறுத்துகிற இடம் இதுதான்: விரிசல் வாயு எடுத்ததால் வந்தது என்று வீட்டுக்காரரே நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நடந்ததை ஒரு குடியானவர் எதை வைத்து நிரூபிப்பார்? 2016 கடைசியில்தான் சட்டம் மாறி, நிரூபிக்கும் பொறுப்பு எடுத்தவர் தலைக்குப் போனது. 2023 அக்டோபரில் வாயு எடுப்பதை நிறுத்தினார்கள். சுமார் 45,000 கோடி கன மீட்டர் இன்னும் உள்ளேயே கிடக்கிறது. அதிர்வும் உடனே நிற்கவில்லை.

நம் காவிரிப் படுகையிலும் எண்ணெய், வாயு உண்டு, நரிமணத்தில் எடுக்கிறார்கள். அளவிலும் பாறையிலும் வேறுபாடு இருப்பதால், அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று கொள்ள வேண்டாம். 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் அந்த மண்டலத்துக்குள் வரும் பகுதிகளில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடை செய்கிறது. மண்டலத்துக்கு வெளியே யாராவது கருவியோடு வரப்பில் வந்து நின்றால், எந்த அனுமதியில் வந்தார்கள் என்று கேளுங்கள். தாளை வாங்கிப் படியுங்கள். வேலை தொடங்குமுன் வீட்டுச் சுவரையும் கிணற்று நீர்மட்டத்தையும் தேதி போட்டுப் படம் எடுத்து வையுங்கள். குரோனிங்கன்காரர்கள் கையில் பலருக்கு அது இல்லாமல் போயிற்று.