கடல் கடந்தால் கையைக் கடிக்கும் கைப்பேசி

வெளிநாட்டுப் பிரயாணம் என்பது இன்று பணக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. சிங்கப்பூரில் மகன், துபாயில் மருமகன், மலேசியாவில் மைத்துனன் என்று கடல் கடந்த உறவு இல்லாத தெருவே தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்லிவிடலாம். பேரனைப் பார்க்கப் புறப்படும் தாத்தாவும் பாட்டியும் மாத்திரை, மாவடு, முறுக்கு என்று ஒன்று விடாமல் எடுத்து வைக்கிறார்கள். விமானச் சீட்டை ஐந்து இடங்களில் விசாரித்து, ஐந்நூறு ரூபாய் குறைவாக வாங்குகிறார்கள். ஆனால் சட்டைப் பையில் இருக்கிற செல்போனைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அங்கேயும் அது வழக்கம்போல் வேலை செய்யும் என்ற நம்பிக்கை! வேலை செய்யத்தான் செய்கிறது. அதற்கு அது கேட்கிற கூலிதான் வேறு. விமானச் சீட்டில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் ஒரு சாயங்காலப் பேச்சில் போய்விடக் கூடும். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஏன் இந்தக் கூலி? இதைத் தவிர்க்க வழி என்ன? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

விருந்தாளிக்கு யார் படி அளப்பது?

நம் கைப்பேசி சிங்கப்பூரில் கண் விழித்ததும் அருகிலுள்ள கோபுரத்தைத் தேடுகிறது. அந்தக் கோபுரத்துக்குச் சொந்தமான கம்பெனி, "இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா? இவருக்கு இடம் கொடுக்கலாமா?" என்று இந்தியாவிலுள்ள நம் கம்பெனியைக் கேட்கிறது. "கொடுக்கலாம், கணக்கை எங்களிடம் அனுப்புங்கள்" என்று பதில் போகிறது. இவ்வளவும் சில விநாடிகளில் நடந்து விடுகிறது. இதற்குத்தான் ரோமிங் என்று பெயர். நாம் அந்நியக் கம்பெனியின் வீட்டில் விருந்தாளி. அந்த வீட்டுக்காரர் நம் கம்பெனியிடம் காசு வாங்குகிறார். நம் கம்பெனி அதன் மேல் தன் லாபத்தையும் வைத்து நம்மிடம் வாங்குகிறது.

அழைப்பை எடுத்தால்கூடப் பணமா என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். காரணம் எளிது. சென்னையிலிருந்து கூப்பிடும் தம்பி உங்கள் இந்திய எண்ணைத்தான் அழுத்துகிறார். நீங்கள் மயிலாப்பூரில் இருக்கிறீர்களா, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருக்கிறீர்களா என்பது அவருக்குத் தெரியாது. அவர் கொடுப்பது உள்ளூர்க் கட்டணம். இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வரை அந்த அழைப்பைச் சுமந்து வருகிற செலவு உங்கள் தலையில் விழுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூரில் அடுத்த அறையில் இருக்கும் மகன் உங்கள் இந்திய எண்ணைக் கூப்பிட்டாலும், பொதுவாக அந்த அழைப்பு இந்தியா வரை போய்த்தான் திரும்பி வருகிறது. கூப்பிட்டவருக்கும் கட்டணம், எடுத்தவருக்கும் கட்டணம்!

நம் நாட்டிலேயே இருந்த கதை

இந்தக் கொடுமை நமக்குப் புதிது அல்ல. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் போயிற்று. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்த நாட்களில் நிமிஷத்துக்கு எட்டு ரூபாய்க்கும் மேல் கட்டணம். வந்த அழைப்பை எடுத்தாலும் பணம். 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. 1990களில் சென்னை ஒரு வட்டம், மற்றத் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னை எண்ணோடு மதுரைக்குப் போனாலே ரோமிங்! உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கம்பெனிகள் போட்டி காரணமாக 2016, 2017ஆம் ஆண்டுகளில் கைவிட்டன. இன்று கன்னியாகுமரி எண் டில்லியிலும் அதே விலைக்குப் பேசுகிறது.

ஐரோப்பாவில் இதைச் சட்டம் செய்தது. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் ரோமிங்குக்கு உச்சவரம்பு விதித்தது. கூப்பிட்டால் நிமிஷத்துக்கு 49 சென்ட், எடுத்தால் 24 சென்ட், வரி தனி. 2010 முதல், டேட்டா கணக்கு 50 யூரோவை எட்டினால் இணைப்பை நிறுத்தி வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணமே கிடையாது. நியாயமான அளவுக்குள் உபயோகித்தால் சொந்த நாட்டு விலைதான். இந்தச் சலுகையை 2032 வரை நீட்டித்து 2022இல் புதுச் சட்டமும் வந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு 2020இல் விலகியது. அதன் பின் அங்குள்ள பெரிய கம்பெனிகளில் சில ஐரோப்பிய ரோமிங்குக்கு மறுபடி பணம் வாங்கத் தொடங்கின. வேலி போனால் மாடு வயலில் இறங்காதா?

நாம் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகும்போது இப்படி ஒரு வேலி நமக்கு இல்லை. ஆகவே நம் பாதுகாப்பு நம் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் உள்ளூர்க் கணக்கு

மலிவு என்பது விளம்பரத்தில் அச்சிட்ட விலையில் இல்லை. அது நம் உபயோகத்துக்குப் பொருந்துவதில் இருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா தருகிற திட்டம் 28 நாளில் 42 ஜி.பி. தருகிறது. மாதம் முழுவதும் நாலு பேரோடு பேசுவதும், இரண்டு புகைப்படம் பார்ப்பதும் தவிர வேறு அறியாத பாட்டிக்கு அதில் எவ்வளவு செலவாகும்? மிச்சமெல்லாம் தினமும் நடு இரவில் காலாவதியாகி விடுகிறது. சாப்பிடாத சாப்பாட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது போலத்தான். இப்படிப்பட்டவர்களுக்காகவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. கேட்டால்தான் கிடைக்கும், கடைக்காரர் தாமாக எடுத்துக் காட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று இந்த 28 நாள் கணக்கு. மாதம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்டுகிறோம். ஒரு திட்டம் 28 நாளைக்கு ரூ. 300 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ரூ. 3,900 ஆகிறது. அதே அளவு வசதியை வேறொருவர் 30 நாளைக்கு ரூ. 310 என்று கொடுத்தால், பார்வைக்கு விலை கூடுதல். ஆனால் வருஷக் கணக்கில் சுமார் ரூ. 3,770தான். விலையை நாட்களால் வகுத்துப் பார்ப்பதே சரியான தராசு. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது எல்லாக் கம்பெனிகளும் வைத்திருக்க வேண்டும் என்பது டிராய் 2022இல் போட்ட விதி. எல்லாக் கம்பெனிகளின் கட்டணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க டிராய் ஒரு இணையதளமும் நடத்துகிறது.

கம்பெனி பிடிக்கவில்லையென்றால் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக் கொள்ளலாம். இந்த உரிமை 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. ஆனால் பிரயாணத்துக்கு முந்திய வாரத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மாற்றத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும். புதுக் கம்பெனியிடம் ரோமிங் வசதி உடனே கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை.

பிறகு கடல் கடந்த கணக்கு

வெளிநாட்டில் கைப்பேசிக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதல் வேலை, இந்திய எண்ணை உயிரோடு வைத்திருப்பது. பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. எண் அணைந்து கிடந்தால் ஓய்வூதியக் கணக்கையும் தொட முடியாது. திரும்பி வரும் சீட்டின் தேதியையும் மாற்ற முடியாமல் போகலாம். இரண்டாவது வேலை, பேசுவது, படம் அனுப்புவது, வழி பார்ப்பது. இதற்கு இந்திய எண் அவசியமே இல்லை. எங்கிருந்தாவது டேட்டா கிடைத்தால் போதும்.

ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்கு நம் கம்பெனிகள் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. எனவே இந்திய எண்ணைச் செய்தி வாங்க மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு வேறு வழி தேடுவதே சிக்கனம். அந்த வேறு வழி மூன்று வகைப்படும்.

மூன்று நான்கு நாள் பிரயாணமா? நம் கம்பெனியே விற்கிற ரோமிங் பாக் சௌகரியம். வரிசையில் நிற்க வேண்டாம், எண்ணும் மாறாது. ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கலா? அந்த நாட்டு சிம்மை வாங்குவதே பெரும்பாலும் லாபம். பத்து நாள் பாக் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 45 நாளுக்கு நாலரை பாக் வாங்க முடியாது. ஐந்து வாங்க வேண்டும், ஐயாயிரம் ரூபாய். சிங்கப்பூர் விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கலாம். கொழும்புக்குப் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்க நிலையத்திலும் அப்படியே. மகன் வீட்டில் வைஃபை இருந்தால் சின்னத் திட்டமே போதும். மூன்றாவது, இ-சிம் என்ற புது வசதி. அட்டை கிடையாது, புறப்படுமுன் வீட்டிலிருந்தே வாங்கி போனுக்குள் ஏற்றிக் கொள்ளலாம். பல நாடுகளைச் சுற்றுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் உங்கள் போன் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே பார்த்துக் கொள்ள வேண்டும்.

கண்ணிகள் எங்கே?

செலவு வைப்பது பேச்சு மட்டும் அல்ல. நாம் தூங்கும்போதுகூடப் போன் விழித்திருந்து படங்களைச் சேமிக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். ஆகவே இந்திய சிம்மில் 'டேட்டா ரோமிங்' என்ற பொத்தானை விமானம் ஏறுமுன்பே அணைத்து விடுங்கள். செய்தி வருவதற்கு அது தேவையில்லை. அறிமுகம் இல்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுக்காதீர்கள்.

விமானத்திலும் உல்லாசக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாகத் தனி இணைப்பு உண்டு. சாதாரணப் பாக்கில் அது சேராது, விலையும் அதிகம். அங்கே போனை விமான முறையில் வைப்பதே உத்தமம்.

எல்லையோரத்திலும் ஜாக்கிரதை வேண்டும். சிங்கப்பூரின் வடகோடியான உட்லண்ட்ஸில் நின்றால், நீரிணைக்கு அப்பால் உள்ள ஜொகூரின் மலேசிய அலை போனில் வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. சிங்கப்பூருக்கு மட்டுமான பாக் அங்கே உதவாது. இப்படிப்பட்ட இடத்தில் கம்பெனியைத் தானாகத் தேடும் முறையை நிறுத்தி, நாமே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐரோப்பியச் சுற்றுலாவிலும் இதே கதைதான். பாரிஸில் வாங்கிய சிம் ரோமில் பேசும். ஆனால் நடுவில் வரும் ஸ்விட்ஸர்லாந்து ஒன்றியத்தில் சேராத நாடு. அங்கே செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். துபாய், அபுதாபி போகிறவர்கள், வாட்ஸ்அப் மூலம் பேசுவதற்கு அந்நாட்டில் கட்டுப்பாடு இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

பாக் வாங்குமுன் இவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக் கேளுங்கள். நான் போகும் நாடும், நடுவில் விமானம் மாறும் நாடும் இதில் சேருமா? எடுக்கும் அழைப்புக்குக் கட்டணம் உண்டா? ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிகிறதா? 'அளவில்லாத' டேட்டா எந்த அளவுக்குப் பின் மந்தமாகிறது? அளவு தீர்ந்தால் இணைப்பு நிற்குமா, கட்டணம் ஓடுமா? நான் திரும்பி வரும் தேதி வரை என் உள்ளூர் ரீசார்ஜ் செல்லுமா?

இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் மறக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ரீசார்ஜ் முடிந்து, ஓ.டி.பி. வராமல் தவிப்பவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கடல் கடந்து போவது பேரப்பிள்ளைகளோடு கூடியிருப்பதற்குத்தான். ஊரில் தனியாக இருக்கும் அக்காவிடம் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியிருந்தால் அதில் என்ன சுகம்? கணக்கை முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பிறகு மனம் விட்டுப் பேசலாம்.