4கே என்றால் போதுமா?

கல்யாண வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்க வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “4கே-யில எடுப்பீங்கல்ல?” என்பதுதான். எடுப்பவரும் தலையாட்டிவிடுவார். எதில் பார்க்கப் போகிறோம் என்ற பேச்சே அங்கு எழாது. வீட்டு டிவியா, யூடியூபா, வாட்ஸ்அப்பா, தியேட்டரா? ஃபார்மட்டை அங்கிருந்துதான் பின்னோக்கி முடிவு செய்ய வேண்டும். 4கே என்பது 3840-க்கு 2160 புள்ளிகள் என்ற அளவைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. படம் கெடுவது பெரும்பாலும் மற்ற இடங்களில்.

முதலில் ஃபிரேம் கணக்கு. எடுத்த பிறகு மாற்ற வழியில்லாதது இது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்இடி சரமும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமரா கண்டுபிடித்துவிடும். அமெரிக்க வழக்கப்படி 30 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்று வைத்து எடுத்தால், மணமேடைக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் மங்கலான பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அதை எடிட்டிங்கில் துடைப்பது பெரும்பாடு. 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் இந்த விளக்குகளால் பெரும்பாலும் தொல்லை வராது. ஆனால் போன்கள் வழக்கமாக 30-இல்தான் கைக்கு வருகின்றன. ஐபோனில் கேமரா செட்டிங்குக்குள் போய் பிஏஎல் ஃபார்மட்டுகளைக் காட்டச் சொன்னால்தான் 25 என்ற எண்ணே கண்ணில் படும்.

கேமரா 25-இலும் மாமா பையனின் போன் 30-இலும் எடுத்ததை ஒரே டைம்லைனில் போட்டால், போன் காட்சியில் நொடிக்கு 5 ஃபிரேம் கழிந்துபோகும். ஆள் சும்மா நிற்கும்போது தெரியாது. கேமராவை மெல்லத் திருப்பும் இடத்தில் காட்சி தத்தித் தத்தி நகரும். போதாக்குறைக்கு, பல போன்கள் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்ளும். நாதஸ்வரம் ஒரு பக்கமும் படம் இன்னொரு பக்கமும் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தியேட்டருக்கோ திரைப்பட விழாவுக்கோ போகும் குறும்படம் என்றால் கதை வேறு. சந்தேகமில்லாமல் எங்கும் ஓடுவது 24 ஃபிரேம். 25-இல் எடுத்த 100 நிமிடப் படத்தை 24-இல் ஓட்டினால் 104 நிமிடமாக நீளும்; சரிசெய்யாவிட்டால் குரலும் சற்றுக் கனத்துவிடும். 24-இல் எடுத்தால் ட்யூப்லைட் என்னாவது? சினிமாக்காரர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரி என்று வைப்பது அதற்காகத்தான். கணக்குப் போட்டால் அது சரியாக 1/50 நொடி.

அடுத்தது கோடெக். எம்பி4, எம்ஓவி என்பவை வெறும் உறை. உள்ளே படத்தை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்வதுதான் கோடெக். 2003-இல் வந்த எச்.264-உம் 2013-இல் வந்த எச்.265-உம் வழக்கமாகப் பழைய கணக்குப் பேரேட்டில் ‘மேற்படி’ போடுவது மாதிரி வேலை செய்கின்றன. ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். இடம் மிச்சம். ஆனால் எடிட் செய்யும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் போய் மூல வரியைத் தேட வேண்டும், திணறுகிறது. ஆப்பிளின் ப்ரோரெஸ் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக எழுதுகிறது. எடிட்டிங் வழுக்கிக்கொண்டு போகும், ஹார்ட் டிஸ்க்தான் அழும். ஆப்பிள் தரும் கணக்குப்படி ஐபோனில் 4கே ப்ரோரெஸ் நிமிடத்துக்குச் சுமார் 6 ஜிபி. 4 மணி நேரம் ஓட்டினால் 1,440 ஜிபி. அதே நேரத்துக்கு எச்.265-இல் 41 ஜிபி அளவில் முடியும்.

கல்யாணத்துக்கு ப்ரோரெஸ் வீண் செலவு என்பது என் கட்சி. அந்தப் பணத்துக்கு இன்னொரு மைக் வாங்கலாம். எச்.265-இல் 10 பிட்டாக எடுத்து, எடிட்டிங்குக்கு மட்டும் ப்ராக்ஸி எனப்படும் இலகுவான நகல்களைச் செய்துகொண்டால் வேலை ஓடும். 10 பிட் ஏன்? 8 பிட்டில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. கன்னியாகுமரிச் சூரிய உதயத்தை 8 பிட்டில் எடுத்து நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், வானம் வரிவரியாக உடையும். வெளுத்த மாதிரி பதிவாகி, பிறகு நிறம் ஏற்றிக்கொள்ளும் லாக் முறையை 8 பிட்டில் முயலவே வேண்டாம்.

கையில் கொடுக்கும்போது எல்லாம் தலைகீழ். கேமராவின் 10 பிட், 4:2:2 (நிற விவரத்தைக் குறைவாக வெட்டும் முறை) ஃபைலை அப்படியே டிவியில் செருகினால் பல செட்டுகளில் சத்தம் வரும், படம் வராது. எச்.264, 8 பிட், 4:2:0, ஒலிக்கு ஏஏசி. பழைய கூட்டணிதான், ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். யூடியூபின் பரிந்துரை, 25 அல்லது 30 ஃபிரேம் எச்டி-க்கு நொடிக்கு 8 மெகாபிட், 4கே-க்கு 35 முதல் 45 வரை. எதைக் கொடுத்தாலும் அது மறுபடி சுருக்கத்தான் போகிறது. ஆகவே கஞ்சத்தனம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

தியேட்டருக்குக் கொடுப்பது டிசிபி எனப்படும் டிஜிட்டல் சினிமாத் தொகுப்பு. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி ஜேபெக் 2000 படம், உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட், நிறக் கணக்கும் வேறு. லேப்டாப்பில் அழகாகத் தெரிந்ததை நம்பாமல், திரையிடும் அரங்கிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியில் பென்டிரைவ். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தது 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. நொடிக்கு 10 மெகாபிட்டில் ஒரு மணி நேரப் படமே 4.5 ஜிபி வந்துவிடும். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக் கொடுக்கலாம். வீட்டில் பழைய டிவி என்றால் அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமலும் போகலாம். அங்கே முகூர்த்தம் ஒரு ஃபைல், வரவேற்பு ஒரு ஃபைல் என்று பிரித்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.