அதிர்ஷ்டப் பலகையில் ஒளிந்திருந்த ஒழுங்கு

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1983 முதல் ஒளிபரப்பிய 'பிரஸ் யுவர் லக்' என்னும் போட்டி நிகழ்ச்சியில், ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிப் பிழைத்த ஒஹையோ மாநிலத்து மைக்கேல் லார்சன் 1984இல் ஒரே ஆட்டத்தில் 1,10,237 டாலர் மதிப்புள்ள பணமும் பரிசுகளும் வென்றபோது, நிகழ்ச்சியை நடத்தியவர்களே திகைத்துப் போனார்கள்.

இந்நிகழ்ச்சியில் போட்டியாளர்கள் கேள்விகளுக்கு விடையளித்து 'சுழற்சி' எனப்படும் ஆட்ட வாய்ப்புகளை ஈட்டுவார்கள். பின்னர், 18 கட்டங்கள் கொண்ட பெரிய பலகையில் கட்டம்விட்டுக் கட்டம் தாவும் ஒளியைப் பொத்தானை அழுத்தி நிறுத்த, ஒளி நின்ற கட்டத்தில் உள்ள தொகையோ பொருளோ அவர்களுக்குக் கிடைக்கும். அங்கே 'வாமி' என்னும் கேலிச்சித்திரக் குறும்பன் தோன்றினால் அதுவரை சேர்த்ததனைத்தும் பறிபோகும் என்பதால், ஆசைப்பட்டுத் தொடர்வதா, போதுமென நிறுத்துவதா என்ற தவிப்பே ஆட்டத்தின் உயிராக இருந்தது.

ஆனால் ஒளியின் தாவல் தற்செயலானதன்று. அது ஐந்தே ஐந்து வரிசைமுறைகளில் திரும்பத் திரும்ப ஓடியது. நிகழ்ச்சியை வீட்டிலேயே வீடியோ நாடாவில் பதிவு செய்து, காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்த லார்சன், அவ்வரிசைகளை மனப்பாடம் செய்ததோடு, நான்காம், எட்டாம் கட்டங்களில் வாமி வருவதே இல்லை என்பதையும், இரண்டாம் சுற்றில் அவ்விரண்டிலும் பணத்துடன் கூடுதலாக ஒரு சுழற்சியும் கிடைக்கும் என்பதையும் கண்டறிந்தார். முதல் சுழற்சியிலேயே வாமியிடம் சிக்கிய அவர், பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை அதனிடமிருந்து தப்பினார். ஆட்டம் நீண்டுவிட்டதால் ஜூன் 8, 11 ஆகிய இரு நாட்களில் பிரித்து ஒளிபரப்ப வேண்டியதாயிற்று.

இது மோசடியா என்று ஆராய்ந்த சிபிஎஸ், விதி எதுவும் மீறப்படவில்லை எனக் கண்டு பரிசை வழங்கியது. அமெரிக்காவில் 1950களில் வெடித்த வினாடிவினா ஊழலில், தயாரிப்பாளர்கள் தாம் விரும்பிய போட்டியாளருக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். அதனால் அத்தகைய ஏற்பாடுகளைக் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் 1960இல் வந்தது. லார்சனுக்கோ எவரும் ரகசியம் சொல்லவில்லை. எல்லார் கண்முன்னும் ஓடிய ஒளியை அவர் பொறுமையுடன் உற்று நோக்கினார், அவ்வளவே.

பின்னர் வரிசைமுறைகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. நேர்மையான திருத்தம் அதுதான். அதிர்ஷ்டத்தின் பெயரால் நடத்தப்படும் ஆட்டம் உண்மையிலேயே முன்கணிக்க முடியாததாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை நடத்துபவருடையது என்பதால், அதில் நேர்ந்த குறையை உழைத்துக் கண்டுபிடித்தவரைக் குற்றவாளி என்பது அறமாகாது.