தூக்குமேடைக்கு முந்திய மரணம்

1999-ம் வருஷம் டிசம்பர் மாதம், பாகிஸ்தானத்து லாகூர் நகரில் போலீஸாருக்கும் ஒரு பத்திரிகாலயத்துக்கும் கடிதம் வந்தது. நூறு சிறுவர்களைக் கொன்று, உடல்களைத் திராவகத்தில் கரைத்துவிட்டதாக ஜாவேத் இக்பால் என்பவன் எழுதியிருந்தான். அவன் வீட்டில் சிறுவர்களின் பாதரக்ஷைகளும் உடைகளும் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்தே பெற்றோர் பலர் தம் மக்களின் கதியை அறிந்தனர்.

2000 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பெற்றோர் கண்முன் அவன் கழுத்தை இறுக்கிக் கொன்று, உடலை நூறு துண்டாக்கித் திராவகத்தில் இட வேண்டுமாம்! அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று அரசாங்கமே மறுத்தது. மறு வருஷம் அக்டோபரில், தண்டனை நிறைவேறுமுன், அவன் சிறையில் மாண்டு கிடந்தான்.

கயிற்றுக்குத் தப்பினானே என்று சிலர் வருந்தலாம். நம் மனத்தை உறுத்துவது வேறு. அவன் கைப்பட்டோரிற் பெரும்பாலோர் வீட்டைவிட்டு ஓடியவர்கள்; தெருவே கதியானவர்கள். மாதக்கணக்கில் அவர்கள் மறைந்துகொண்டிருந்தனர். கொலைஞன் தானே எழுதும் வரையில் அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்ப்பார் இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளாயின் நகரமே அலறியிராதா?

தண்டிப்பது நியாயஸ்தலத்தின் வேலை. இரவில் ரயிலடியில் ஒதுங்கும் சிறுவனை, "நீ யார் வீட்டுப் பிள்ளை, தம்பி?" என்று கேட்பது நம் எல்லோருடைய வேலை.