வேலியோரத்து ஹாலிச் செடியும் வெட்டுவதற்குரிய அனுமதியும்

வெலிங்டனிலும் அதைச் சூழ்ந்த குன்னூர், அருவங்காடு, ஜெகதளா முதலிய இடங்களிலும் வீடு கட்டிக் குடியேறுவோர், வாசலுக்கு இருபுறமும் வருஷம் முழுவதும் பசுமை மாறாத செடிகள் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வதில் அவர்கள் செய்யும் பிழைகளையும், பிழையைத் திருத்துவதாக எண்ணிச் செய்யும் பெரும் பிழைகளையும் ஆண்டுதோறும் பார்த்து மனம் சலித்த பிறகே இதை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு வீட்டின் பின்புறத்தில், மதிலை ஒட்டி எப்போதோ ‘செடி’ என்று நட்டது, கூரைக்கு மேல் உயர்ந்து மதிலையும் பிளந்திருந்தது. வீட்டுக்காரர் ஒருவரையும் கேளாமல் ஆள் வைத்து அதை அடியோடு அறுத்துவிட்டார். கீழே கிடந்த கிளை ஒன்றை எடுத்துப் பார்த்தேன்: தடித்துப் பளபளக்கும் இலைகள், ஓரங்களில் அரம்போன்ற சிறு பற்கள், காம்புகளை ஒட்டிக் கொத்தாகச் சிவந்த பழங்கள். நீலகிரிச் சோலைகளில் வளரும் ஹாலி மரம் அது. “என் நிலம், என் செடி; இதற்கு யாரைக் கேட்கவேண்டும்?” என்றார் அவர். கேட்கத்தான் வேண்டும்.

ஹாலி என்றதும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் காணும் முள்ளிலை ஐரோப்பியச் செடியே நம்மவர் நினைவுக்கு வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஐலெக்ஸ் டென்டிகுலேட்டா, தாவர ஆராய்ச்சியாளர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கிய ஐலெக்ஸ் வைட்டியானா ஆகிய இரண்டும் நம் சோலைகளிலேயே வளர்கின்றன. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறாதலால் தனித்து நிற்கும் ஒரு கன்று காய்க்கவில்லை என்று அதன்மேல் குறை சொல்வதில் பிரயோசனம் இல்லை. புளிப்புத் தன்மையும் நல்ல வடிகாலும் உள்ள மண் இவற்றுக்கு ஏற்றது. மெதுவாக வளர்வதால் செடிபோல் தோன்றினாலும் முடிவில் இவை ஓங்கிய விருட்சங்களே என்பதை மறவாமல், சுவர், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து நன்றாக விலக்கி, ஆனி மாதத்து மழையில் நடுங்கள். இடம் குறுகியதாயின் நடவே வேண்டாம்.

வெளிநாட்டு விதையையோ கன்றையோ அஞ்சலில் தருவித்துக்கொள்வோருக்கும் ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி, இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இன்றி அவற்றை வரவழைப்பது சட்டவிரோதம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆரஞ்சுப் பூச் செஸ்ட்ரம் இன்று குன்னூர்ச் சரிவுகளிலும் சோலைகளின் ஓரங்களிலும் புதராக மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் விளங்கும். கொண்டைக்குருவிகள் அதன் வெண்பழத்தைத் தின்று கம்பிமேல் வந்து அமர்கின்றன. அடுத்த மழைக்குக் கம்பியின் நேர்க் கீழே கோடு கிழித்ததுபோல் நாற்றுகள் முளைக்கின்றன. வேலிக்காக அதன் போத்தை ஒடித்து நடாதீர்கள். முளைத்த நாற்றை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

இனி முக்கிய விஷயம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் பொருந்தும். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட குழுவின் அனுமதியின்றி மரத்தை வெட்டவோ, வேரோடு பறிக்கவோ, எரிக்கவோ கூடாது. உதகமண்டலத்திலுள்ள மாவட்ட வன அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள். புல எண், மரத்தின் இனம், மார்பளவு உயரத்தில் அதன் சுற்றளவு, வெட்ட நினைக்கும் காரணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பட்டா நகல், நிலவரைபடம், மரமும் சேதமும் ஒருங்கே தெரியும் புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். வெலிங்டனில் ஒரு தெரு பேரூராட்சியிலும் அடுத்த தெரு கண்டோன்மென்ட்டிலும் இருக்கக்கூடுமாதலால், உங்கள் நிலம் எந்த எல்லையில் உள்ளது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ளுங்கள். கண்டோன்மென்ட் எல்லைக்குள் இருந்தால், வாரியத்தின் தலைமைச் செயல் அலுவலருக்கும் தனியே எழுதி, எழுத்துமூலம் விடை வரும்வரை ரம்பத்தைத் தொடாதிருங்கள். ‘கேட்டாயிற்று, சரி என்றார்கள்’ என்பது அனுமதி ஆகாது.

எங்கே கொடுத்தாலும், தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் வெளியே வராதீர்கள். விண்ணப்பத்தை மேசைக்கு மேசை தள்ளி மாதங்களைக் கடத்தும் உத்தியோகஸ்தர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி, இன்ன தேதியில் கொடுத்த என் மனுமீது எந்தெந்த நாளில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டியது அவர்கள் கடமை. தராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

மரம் சாய்ந்து உயிருக்கே அபாயம் என்னும் நிலையில் பரிகாரம் வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ அதன் உடையவருக்கு உத்தரவிடும் அதிகாரம் கோட்ட நிர்வாக நடுவருக்கு உண்டு. குன்னூர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். அயலார் மரமாயினும் இந்த வழியே நேர்வழி. இரவோடிரவாக வேரில் அமிலம் ஊற்றுவது குற்றம். அனுமதி கிடைத்த பின்னரும், சரிவான நிலத்தில் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காதீர்கள். 2009 நவம்பரில் இம்மாவட்டம் கண்ட மண்சரிவுகளை மறந்தவர்களே மண்ணைப் பிடித்து நிற்கும் வேரைப் பறிப்பார்கள்.

சிவந்த பழத்தைக் குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணி வாயில் போட்டுக்கொள்வதும் நேர்கிறது. ஹாலிப் பழத்திலுள்ள சபோனின் என்னும் பொருள் வாந்தி, பேதி, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்தும் தொண்டைக்குள் விரல் விட்டும் வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். வாயைக் கழுவி, பழத்தோடு கூடிய சிறு கிளையை எடுத்துக்கொண்டு, குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்கு விரையுங்கள். அல்லது 108ஐ அழையுங்கள்.

மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் ஒருமுறை சொல்லி இங்கே யாரும் கேட்டதில்லை: ‘செடிதானே’ என்று எண்ணி வெட்டாதீர்கள். மதிலைப் பிளந்த அந்த மரத்துக்கும் முறைப்படி அனுமதி கேட்டிருக்கலாம். பிளந்த மதிலின் புகைப்படம் ஒன்றே வலுவான காரணமாக இருந்திருக்கும். இப்போதோ மரமும் இல்லை, காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் அவரிடம் இல்லை.