விழித்திரையைப் படிக்கும் கணினி

நீரிழிவு நோய் நெடுநாள் நீடித்தால், விழித்திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடையும். தொடக்கத்தில் வலியோ பார்வைக் குறைவோ தோன்றாது; அறிகுறி தெரியும்போது, இழந்த பார்வையை மீட்பது அரிதாகிவிடும். ஆகவே, நோயாளிகள் ஆண்டுதோறும் கண்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால், அனைவரையும் சோதிக்கப் போதிய கண் மருத்துவர்கள் இல்லை.

இக்குறையைப் போக்கச் செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா முதலிய கண் மருத்துவமனைகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பெற்ற 1,28,175 விழித்திரைப் படங்களைக் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் திரட்டினர். மருத்துவர்கள் 54 பேர் அவற்றில் நோயின் நிலையைக் குறித்துத் தந்தனர். அவற்றைக் கொண்டு பயின்ற கணினி, தான் முன்பு காணாத படங்களிலும் நோயைச் சிறப்பாகக் கண்டறிந்தது. இவ்வாய்வு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

பின்னர், தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் இம்முறை பயன்படுத்தப்பட்டது. அங்கு எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றைத் தெளிவில்லை எனக் கணினி ஏற்க மறுத்தது. படமெடுத்த அறைகள் போதிய அளவு இருட்டாக இல்லாமையே அதற்கு முதன்மைக் காரணம். படம் ஏற்கப்படாத நோயாளிகள், நோய் இல்லாதவர்களாயினும், வேறு மருத்துவமனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஒரு நாள் கூலியை இழந்து வருவோர்க்கு இது பெருஞ்சுமையாகும். ஆய்வுக்கூடத்தில் வென்ற கருவியும், ஏழை நோயாளி வந்து அமரும் அறையிலேயே மீண்டும் சோதிக்கப்பட வேண்டும்.