யாருடைய பூங்கா? – 14: குன்றேறும் தண்ணீர்

ஒரு பொதுவெளியை வடிவமைப்பதில் மக்களுக்குப் பங்கு உண்டு என்றால், வரைபடத்தில் முதல் கோடு விழும் முன்பே அவர்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது இத்தொடர் விடாமல் சொல்லிவரும் கருத்து. முடிவுகளில் மக்களுக்கு உள்ள பங்கை அளவிட ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வகுத்த எட்டுப் படிகள் கொண்ட ‘பங்கேற்பு ஏணி’ சென்ற வாரம் விளக்கப்பட்டது. தொடர்ந்து படிப்போருக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் புனே நகரின் முளா, முட்டா ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டத்தை ஆராய்வதாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஆற்றங்கரைக்காகப் புனே மக்கள் ஏன் அத்தனை பிடிவாதமாக நின்றார்கள் என்பது விளங்க வேண்டுமானால், முதலில் அந்நகரின் குன்றுகளில் ஏறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மராத்தியில் ‘டேக்டி’ என்றால் குன்று. வேதாள் டேக்டி, ஹனுமான் டேக்டி, பர்வதி, தள்ஜாய் என்று புனேயின் நடுவிலும் விளிம்பிலும் எழுந்து நிற்கும் இக்குன்றுகள், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவான தக்காணப் பீடபூமியின் கரும்பாறையால் ஆனவை. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்க, வேதாள் குன்றின் உச்சி ஏறத்தாழ 800 மீட்டரைத் தொடுகிறது. நம் கதைகளில் முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளம், மராட்டிய நாட்டுப்புற வழிபாட்டில் ஊர் காக்கும் தெய்வம். அத்தெய்வத்தின் கோயில் உச்சியில் இருப்பதால் குன்றுக்கு அப்பெயர். இக்குன்றுகளுக்கு மதில் இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, வடிவமைத்தவர் என்று கல்வெட்டில் பொறிக்க ஒரு பெயரும் இல்லை. இருந்தும் விடியற்காலையிலும் மாலையிலும் நகரம் தன் கால்களை நம்பி ஏறிவரும் மிகப் பெரிய பூங்காக்கள் இவையே.

இக்குன்றுகளின் மீது புனே மக்கள் கொண்ட உரிமையுணர்வு நேற்று முளைத்ததன்று. 1905 ஜூன் 12 அன்று கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கியபோது, அவரும் அவருடைய முதல் தோழர்களும் உறுதிமொழி ஏற்றுக்கொண்ட இடம் ஃபெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் உள்ள குன்று. அச்சங்கத்தில் 1907-இல் சேர்ந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி, 1915-இல் கோகலே மறைந்த பின் அதன் தலைவரானார் என்பதால், அக்குன்றின் வரலாற்றில் காவிரிக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி, இந்தக் கட்டுரையைக் குன்றின் பக்கம் திருப்பிய செய்திக்கு வரலாம். புனேயின் குன்றுகளில் நடைபயிலச் செல்வோர் பலர், கோடையில் குப்பிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஏறி, வழியில் நட்டிருக்கும் மரக்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டு இறங்குகிறார்கள். எளிய பழக்கமாகத் தோன்றும் இதனைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பூங்கா வடிவமைப்புக் கலையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருப்பது தெரியும். புனேயில் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அதன் பின் ஏறத்தாழ எட்டு மாதங்கள் குன்றின் மேல்மண் காய்ந்தே கிடக்கிறது. அந்த மண்ணும் பாறை மேல் மெல்லிய சரளைப் போர்வையாகவே படிந்திருப்பதால், மழைநீரைத் தேக்கி வைத்துக் கன்றுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே ஆடியில் நட்ட கன்று மறு ஆடியைக் காணுமா என்பது, நடும் விழாவில் எடுத்த நிழற்படத்தைப் பொறுத்ததன்று; மாசி முதல் வைகாசி வரை அதன் வேரில் விழும் தண்ணீரைப் பொறுத்தது.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் சுமந்து ஏறினால், மழையற்ற 240 நாட்களில் அவர் மேலே கொண்டு சேர்ப்பது 480 லிட்டர். அவரைப் போல் நூறு பேர் இருந்தால் அது 48,000 லிட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ ஐந்து. சாலையே இல்லாத குன்றின் மீது, மாநகராட்சியின் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரிகூட இடம்பெறாமல், ஐந்து லாரித் தண்ணீர் தோளிலும் கையிலும் ஏறிவிடுகிறது. தண்ணீரைக் கொண்டு சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. சரிவில் அவசரமாகக் கவிழ்த்த தண்ணீர் கன்றைத் தொடாமலே ஓடிவிடும் என்பதால், கன்றின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் கற்களை அடுக்கி, பாத்தியின் மேல் உலர்ந்த புல்லைப் பரப்பி மூடாக்கு இட்டு, ஒரு கையளவாக நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டும். இவ்வாறு நாள்தோறும் ஒரே கன்றின் முன் குனிந்து நிற்பவருக்கு, எந்தப் பாறையின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது, எந்த வளைவில் முதியவர்கள் மூச்சு வாங்க நிற்கிறார்கள், எந்தப் பள்ளத்தில் முதல் மழையின் நீர் தேங்குகிறது என்பதெல்லாம் கற்றுக்கொடுக்காமலே தெரிந்துவிடுகிறது. வடிவமைப்பாளர் ஓர் இடத்தைப் பற்றித் திரட்டும் இத்தகைய விவரங்களைத் துறையினர் ‘கள ஆய்வு’ என்பர். பெரும்பாலான பூங்காக்களுக்கு அது சில நாட்களில் முடிந்துபோகிறது, குன்றில் தண்ணீர் ஊற்றுபவருக்கோ அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

அந்த ஆய்வின் முடிவு குன்றின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. யாரும் திட்டமிடாமல், பலருடைய காலடிகள் ஒரே தடத்தில் பட்டுப் பட்டுப் புல் தேய்ந்து உருவாகும் ஒற்றையடிப் பாதை, மக்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதை எந்தக் கருத்துக் கணிப்பைவிடவும் தெளிவாகச் சொல்கிறது. அறிந்த வடிவமைப்பாளர்கள் சிமெண்டுப் பாதை போடும் முன் அத்தடங்களைத் தேடிப் பார்ப்பதும், பாதை போட மறந்த புல்தரையில் மக்களே தடம் போட்டுக்கொள்வதும் இதனால்தான்.

எனினும் ஆர்வம் மட்டும் இருந்தால் போதும் என்று இதற்குப் பொருளில்லை. சரிவில் தடங்கள் பெருகினால் மழைநீர் அவற்றையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்துச் செல்லும். நடும் மரமும் ஆராய்ந்து நட வேண்டியது. முன்னர் வனத்துறை இக்குன்றுகளைப் பசுமையாக்க, விரைவில் வளரும் அயல்நாட்டு மரமான கிளைரிசிடியாவைப் பரவலாக நட்டது. அது வேகமாகப் பரவியதால், அக்குன்றுகளுக்கே உரிய புல்வெளியும், அதில் கூடு கட்டும் வானம்பாடியும் காடையும் இடமிழந்தன என்பது சூழலியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவரும் குறை. தக்காணத்துக் குன்றின் இயல்பான உருவம் அடர்காடு அன்று. புல்வெளியும் அங்கங்கே சலை போன்ற மண்ணின் மரங்களும் கலந்த திறந்தவெளியே அது. ஆகவே மக்களின் உழைப்புக்குத் தாவரவியல் அறிவும், தாவரவியல் அறிவுக்கு மக்களின் உழைப்பும் தேவைப்படுகின்றன. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதையே ‘பங்கேற்பு வடிவமைப்பு’ என்று சொல்ல வேண்டும்.

அவ்வாறு அமர்ந்து பேசியதன் பயன் புனேயின் வார்ஜே பகுதியில் கிடைத்தது. வனத்துறைக்குச் சொந்தமான, மரமற்றுக் கிடந்த 16.8 ஹெக்டேர் குன்று நிலம், அத்துறையும் ‘டெர்ரே பாலிசி சென்டர்’ என்னும் தன்னார்வ அமைப்பும் நிறுவனங்களும் குடிமக்களும் சேர்ந்து உழைத்ததில் ‘ஸ்மிருதி வனம்’ ஆயிற்று. நடப்பதற்கு 2 கிலோமீட்டர் பாதையும் மிதிவண்டிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் பாதையும் அதில் உண்டு. 2020 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், நாடெங்கும் 200 நகர்ப்புறக் காடுகளை உருவாக்கும் ‘நகர் வனம்’ திட்டத்தை மத்திய அரசு அறிவித்தபோது முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது இந்த வார்ஜே வனத்தையே. சென்னை வாசகர்கள் இதற்காகப் புனேவரை போக வேண்டியதில்லை. குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தில் ‘நிழல்’ அமைப்பும் தன்னார்வலர்களும் 2006 முதல் உழைத்து உருவாக்கிய கோட்டூர்புரம் மரப் பூங்கா அதே வழியில் வளர்ந்ததுதான்.

குன்றின் மேல் இத்தனை உரிமை கொண்டாடும் மக்களுக்குக் கீழே மாநகராட்சி அலுவலகத்தில் கிடைத்திருக்கும் உரிமையையும் பார்க்க வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கிய ‘பங்கேற்பு நிதிநிலை’ முறையை, அதாவது நகரின் செலவில் ஒரு பகுதியை மக்களே தீர்மானிக்கும் முறையை, இந்தியாவில் முதலில் கைக்கொண்ட நகரங்களுள் புனே ஒன்று. 2006 முதல் அந்நகரின் குடிமகன் எவரும் ஒரு படிவத்தை நிரப்பி, தன் பகுதிக்கு நடைபாதையோ விளக்கோ பேருந்து நிறுத்தமோ பூங்கா இருக்கையோ வேண்டும் என்று மண்டல அலுவலகத்தில் கொடுக்கலாம். ஒரு பணிக்கு உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். இது பாராட்டத்தக்க உரிமை. ஆயினும் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும்: இருக்கையை எங்கே போடுவது என்று சொல்ல இப்படிவத்தில் இடம் உண்டு, அந்த இருக்கைக்கு எதிரே உள்ள குன்றைக் குடைந்து சாலை போடலாமா என்பதற்கு இடமில்லை.

அந்தப் பெரிய கேள்விக்குப் புனே மக்கள் படிவத்துக்கு வெளியே நின்றுதான் விடை தேட வேண்டியிருந்தது. 1997-இல் நகரோடு சேர்ந்த ஊர்களுள் பின்னர் நிலைத்த 23 ஊர்களுக்கு வளர்ச்சித் திட்டம் வகுக்கப்பட்டபோது, அவற்றின் குன்றுச் சரிவுகளில் ஏறத்தாழ 978 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பூங்காவாக ஒதுக்க வேண்டும் என்று முன்னாள் மேயர் வந்தனா சவாண் போன்றோரும் குடிமக்கள் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் போராடினர். மாநில அரசு அதை ஏற்றது 2015-இல்தான். நிலம் இழப்போருக்கு ஈடாக ‘மாற்றத்தக்க கட்டட உரிமை’, அதாவது ஒதுக்கப்பட்ட நிலத்தில் கட்ட முடியாத பரப்பை வேறோர் இடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ தரப்படும் உரிமை, 8 விழுக்காடாக வரையறுக்கப்பட்டது. அது போதாது என்று உரிமையாளர்கள் கருதுவதால், வரைபடத்தில் பச்சை பூசப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி இன்னும் பூங்காவாகக் கைக்கு வந்து சேரவில்லை. வேதாள் குன்றிலோ, பாலபாரதியையும் பௌட் சாலையையும் இணைக்கும் சாலைத் திட்டம், கைவிடப்பட்டதாகத் தோன்றும் ஒவ்வொரு முறையும் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது போலத் திரும்பி வந்தது. 2023 ஏப்ரலில் அதை எதிர்த்து நடந்த பேரணியில் குன்றேறிகள் திரளாகக் கலந்துகொண்டனர்.

இங்கே புனேயின் இன்னொரு பெருமையைக் குறிப்பிடுவது பொருந்தும். 1970-களில் ஜங்லி மகராஜ் சாலையை அமைத்த ரெகோண்டோ என்னும் மும்பை நிறுவனம் அதற்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் அளித்தது. பத்து ஆண்டு கடந்து, பல பத்தாண்டுகள் அச்சாலை குழி விழாமல் இருந்ததைப் புனேவாசிகள் இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். அதே சாலையின் ஓரம் 2016-க்குப் பின் அகலமான நடைபாதையும் இருக்கைகளும் குழந்தைகள் விளையாடும் இடங்களுமாக மாற்றியமைக்கப்பட்டது. சாலைக்கு உத்தரவாதம் அளிக்க ஒப்பந்ததாரர் ஒருவர் கிடைத்தார். பூங்காவுக்கு அப்படி எவரும் கையெழுத்திடுவதில்லை. திறப்பு விழா முடிந்த மறு கோடையில் அதைக் காப்பாற்றுபவர் யார் என்ற கேள்விக்குக் குப்பியோடு குன்றேறுபவரைத் தவிர வேறு விடை இல்லை. பராமரிக்கப் போகிறவரே வடிவமைப்பில் முதல் இடத்துக்கு உரியவர் என்பதுதான் புனேயின் குன்றுகள் உறுதிசெய்யும் உண்மை.

தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வாசகர்கள் தங்கள் தெருமுனைப் பூங்காவைச் சீரமைக்கப் போவதாகக் கேள்விப்பட்டால், பணி தொடங்கும் முன்பே நகராட்சிக்குச் சென்று வரைபடத்தைக் காட்டும்படி கேட்க வேண்டும். ஒற்றையடிப் பாதைகள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே, அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்ல வேண்டும். கேட்காத வரைபடம் எவருக்கும் காட்டப்படுவதில்லை.

முளா, முட்டா ஆறுகளின் 44 கிலோமீட்டர் கரை, 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டம், கரையோர மரங்களைக் காக்க 2023-இல் திரண்ட மக்கள் ஆகியவை அடுத்த வாரம்.